நான்காம் படுக்கையிலிருந்து ஏகாம்பரம் சார் ஓட்டிய தொடர்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் கீழ்பென்னாத்தூர் வீட்டில் துணியை ஊறவைத்துவிட்டு நிமிர்ந்தபோது செல்போன் அடித்தது. ஏகாம்பரம் சாரின் எண். மூச்சு வாங்குகிறது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எடுத்த எடுப்பில், "தண்ணி எவ்ளோ குடிச்சீங்க?" என்று அதட்டினேன். மறுமுனையில் அவருடைய மனைவி இருந்தார்கள். "சிஸ்டர், அவரு போயிட்டாருங்க" என்றார்கள். பிறகு, "தூங்கறாருன்னு நெனச்சி காபி கலந்து வெச்சேங்க" என்றார்கள்.

என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அந்த அம்மாவிடம் நான் முதலில் கேட்ட கேள்வி மட்டும் நினைவிருக்கிறது. இறந்தவரை அதட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அவர் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு மேடையில் நின்று பேச வராது. ஆகவே எழுதிக்கொடுக்கிறேன். அவரைத் தெரிந்தவர்கள் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். தெரியாதவர்களுக்கு முதலில் எங்கள் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருவண்ணாமலையில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஆறு படுக்கை, ஆறு மிஷின், சுவரில் ஒரு டிவி. சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்து நான்கு மணி நேரம் படுத்திருப்பார்கள். மிஷின் அவர்களுடைய ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, உள்ளே அனுப்பும். தண்ணீர் அதிகம் குடித்தாலும், ஒரு தடவை வராமல் விட்டாலும் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு எடை கூடும். இரண்டு தடவை விட்டால் மூச்சு முட்டும். மூன்றாவது தடவையைப் பற்றி நாங்கள் நோயாளிகளிடம் பேசுவதில்லை.

ஏகாம்பரம் சார் செவ்வாய், வியாழன், சனி காலை முறைக்கு வந்தவர். நான்காம் படுக்கை. நான்கு வருடம் வந்தார். அதற்கு முன்னால் நம் ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கேபிள் சேனலில் கண்ட்ரோல் ரூம் அவர் பொறுப்பில் இருந்தது. எந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி போக வேண்டும், எந்த விளம்பரம் எங்கே நுழைய வேண்டும் என்று பார்த்துக்கொண்ட மனிதர். சேனலை மூடிவிட்டார்கள். அதே வருடம் அவருடைய சிறுநீரகமும் கைவிட்டது.

முதல் நாள் வருகிறவர்கள் மிஷினைப் பார்த்துப் பயப்படுவார்கள். சிலர் அழுவார்கள். இவர் மிஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்து பிளக் பாயின்ட்டைப் பார்த்தார்.

"எர்த் சரியா இருக்குதுங்களா சிஸ்டர்?"

"அது எங்க வேலை சார். நீங்க வந்து படுங்க" என்றேன்.

"நான் கேக்கலன்னா வேற யாரும் கேக்கமாட்டாங்க. அதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அவரும் பயந்திருந்தார் என்று எனக்குப் புரிந்தது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தான் பார்த்தார் என்று அவர் மனைவி பிறகு ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள்.

எங்கள் டிவி அவருக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒருவர் கையில் ரிமோட் இருக்கும். பாட்டு, செய்தி, நகை விளம்பரம் என்று தாவிக்கொண்டே இருக்கும். நான்கு மணி நேரத்தில் ஒன்றையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், டாக்டர்கிட்ட பர்மிஷன் வாங்கிக் குடுங்க. ஒரு கன்டெய்னர் வெச்சிக்கறேன்" என்றார்.

எங்கள் மருத்துவமனையில் கன்டெய்னர் என்றால் ஒன்றே ஒன்றுதான். சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுக்கும் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா. நான் ஸ்டோருக்குப் போய் ஒன்றை எடுத்து வந்து, பெயர், படுக்கை எண் எல்லாம் எழுதி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு அது வந்தே ஒரு மாசம் ஆச்சுங்களே சிஸ்டர்" என்றார்.

ஆறு படுக்கையிலும் சிரிப்பு. அந்த அறையில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கு மிஷின் அலாரம் அடித்தது. நான் எல்லோரையும் திட்டினேன். அவரையும் திட்டினேன். நான்கு வருடமும் அவரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சொன்ன கன்டெய்னர் வேறு. டிவி தொடர்களை ஒழுங்காக அடுக்கி வைக்கிற ஒரு மென்பொருள் இருக்கிறது. எந்தத் தொடர், எத்தனையாவது எபிசோடு, எது இருக்கிறது, எது இல்லை, எதைப் பார்த்தாயிற்று என்று எல்லாவற்றையும் அது கணக்கு வைத்துக்கொள்ளும். அதை நேரடியாகக் கம்ப்யூட்டரில் போடாமல், அதற்கென்று தனியாக ஒரு பெட்டி மாதிரி கட்டி, அந்தப் பெட்டிக்குள் ஓடவிடுவார்களாம். பெட்டியும் மென்பொருள்தான், கண்ணுக்குத் தெரியாது. டாக்டர், ஒயர் யார் காலிலும் தட்டக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் எங்கள் ஃபைல் அலமாரியின் மேல் வந்து உட்கார்ந்தது.

அவர் அதைக் கட்டியது முழுவதும் படுக்கையில் இருந்தபடிதான். ஒரு கையில் இரண்டு ஊசி, அதை அசைக்கக்கூடாது. மற்றக் கையின் கட்டைவிரலால் செல்போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். ஒரு எழுத்து தவறினால் முதலிலிருந்து. ஒருநாள், "வெளிய நான் போட்ட ஃபோல்டர் உள்ள இருக்கறதுக்குத் தெரியல சிஸ்டர்" என்று அலுத்துக்கொண்டார். எனக்குப் புரியவில்லை என்றேன். "உள்ள ஒரு விலாசம், வெளிய ஒரு விலாசம். இப்ப என்னையே எடுத்துக்குங்க. வீட்டுல நான் ஏகாம்பரம். இங்க நாலாம் நம்பர். ரெண்டும் ஒரே ஆளுதான்னு யாராவது எழுதி வெச்சாத்தான் தெரியும்" என்றார். அன்றிலிருந்து நான் யாரையும் நம்பர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இதை அவரிடம் சொன்னதும் இல்லை.

பெட்டிக்குள் ஓடிய தொடர் எது என்று சொல்ல வேண்டும். அவருடைய சேனல் எடுத்த ஒரே தொடர், 'வடக்கு வீட்டு மருமகள்'. நம் ஊர் ஆட்களே நடித்தது, நம் ஊர் வீடுகளிலேயே எடுத்தது. வசனத்துக்கு நடுவே பஸ் ஹாரன் கேட்கும். மரகதம் என்ற பெண் கல்யாணமாகி வருகிறாள். நான்காம் நாள் புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான், திரும்பவில்லை. அவன் எப்போது வருவான் என்பதுதான் கதை. சேனலை மூடும்போது முதலாளி, "நீயே எடுத்துட்டுப் போய்யா, எங்கிட்ட இருந்தா எடைக்குத்தான் போவும்" என்று ஹார்ட் டிஸ்க்குகளை இவரிடம் கொடுத்துவிட்டாராம். உலகத்தில் உள்ள தொடர்களின் பெயரெல்லாம் தானாகத் தெரிந்த அந்த மென்பொருளுக்கு மரகதத்தைத் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொரு எபிசோடின் பெயரையும், கதைச் சுருக்கத்தையும் இவரே எழுதிச் சேர்த்தார், கட்டைவிரலால்.

இந்த நேரத்தில்தான் வள்ளியம்மாள் அம்மா வராமல் போனார்கள்.

வள்ளியம்மாள் அம்மாவுக்கு அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் இட்லிக் கடை வைத்திருந்தவர்கள். உடம்பு முடியாமல் கடையை விட்டுவிட்டார்கள். ஐந்தாம் படுக்கை, ஏகாம்பரம் சாருக்குப் பக்கத்தில். தொடர்ந்து இரண்டு தடவை வரவில்லை. மூன்றாவது தடவை மகன் ஆட்டோவில் வைத்துத் தூக்கிவந்தார். முகமெல்லாம் வீங்கி, உட்கார்ந்தபடியே மூச்சுவிட்டார்கள். மிஷினில் போட்டு, கொஞ்சம் தெளிந்ததும் நான் கத்தினேன்.

"இன்னாத்துக்குமா இந்த வேதன. பாத்தவரைக்கும் போதும். இனிமே என்னை இட்டாராதீங்க" என்றார்கள். அழுது சொல்லவில்லை. கடையில் இட்லி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏகாம்பரம் சார் கேட்டுக்கொண்டிருந்தார். செல்போனை எடுத்து எதையோ அழுத்தினார். சுவர் டிவியில் மரகதத்தின் கல்யாணம் ஓட ஆரம்பித்தது. இரண்டு எபிசோடு. பெங்களூர் பஸ் கிளம்புகிற இடத்தில் நிறுத்திவிட்டார். நான் ஊசியை எடுத்துக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது வள்ளியம்மாள் அம்மா அவர் பக்கம் திரும்பி, "போனவன் இன்னாப்பா ஆனான்?" என்று கேட்டார்கள்.

"அடுத்த தபா வாங்கக்கா, காட்டறேன்."

வந்தார்கள். அதற்கு அடுத்த தடவையும் வந்தார்கள். ஒரு பௌர்ணமி செவ்வாய்க்கிழமையில் வந்தது. ஊருக்குள் வண்டி விடவில்லை. மகனுடைய பைக்கைப் பாதி வழியில் தடுத்துவிட்டார்கள். இவர்கள் இறங்கி, மலை சுற்றுகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்து சேர்ந்தார்கள். நான் வாசலில் நின்று திட்டினேன். "சீரியலுக்காகவா இப்படி நடந்து வந்தீங்க?" என்றேன். "நாலாம் நம்பரு வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்கள்.

ஒரு தடவைக்கு இரண்டு எபிசோடு என்பது ஏகாம்பரம் சார் போட்ட விதி. மற்றவர்கள் இன்னொன்று போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். போடமாட்டார். எதற்கு இந்தக் கருமித்தனம் என்று கேட்டேன். அப்போதுதான் செல்போனை என்னிடம் காட்டினார். எபிசோடுகளின் பட்டியல். எல்லாம் பச்சை, கடைசியில் ஒன்று மட்டும் சிவப்பு.

"இது காணாமப் போச்சுங்களா?"

"இல்ல சிஸ்டர். எடுக்கவே இல்ல" என்றார், குரலைத் தாழ்த்தி. "கடைசி எபிசோடு எடுக்கறதுக்குள்ள சேனலை மூடிட்டாங்க. புருசன் வந்தானா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. நான் சும்மா ஒரு நம்பர் போட்டு வெச்சேன். இந்த மெஷின் பாவம், இல்லாததை தெனமும் தேடிக்கினு இருக்குது. அக்காகிட்ட சொல்லிடாதீங்க. முடிவு இல்லன்னு தெரிஞ்சா அவங்க வர்றதை நிறுத்திடுவாங்க."

அன்றிலிருந்து அந்த ரகசியத்தில் நானும் பங்காளி. ஒவ்வொரு சனிக்கிழமையும் எத்தனை மிச்சம் என்று அவரைப் பார்ப்பேன். அவர் போர்வைக்கு வெளியே விரலை நீட்டிக் காட்டுவார். இரண்டு கை விரல்களுக்குள் வந்துவிட்டபோது எனக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது. மருந்து தீர்ந்தால் எழுதிக்கேட்டு வாங்கலாம். இதை யாரிடம் கேட்பது?

அவரைக் காப்பாற்றியது அவருடைய தப்புதான்.

மென்பொருளில் ஒவ்வொரு எபிசோடையும் எந்த சீசன் என்று கேட்கும். நம் ஊரில் சீசன் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை தீபத்தில் ஆரம்பித்து, வெளிநாட்டுக்காரர்கள் மாசியில் ஊருக்குக் கிளம்பும் வரை சீசன். லாட்ஜில் இடம் கிடைக்காது, ஆட்டோவில் ரேட் ஜாஸ்தி. மற்ற மாதமெல்லாம் ஆஃப் சீசன். இவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். தீபத்துக்குப் பிறகு ஒளிபரப்பானதை சீசன் ஒன்று, அடுத்த வருடத்து தீபத்துக்குப் பிறகு வந்ததை சீசன் இரண்டு என்று போட்டார். ஆஃப் சீசனில் ஒளிபரப்பானதையெல்லாம் சீசன் பூஜ்யத்தில் தள்ளிவிட்டார். அந்த மென்பொருளோ பூஜ்யம் என்றால் கதையோடு சேராத உதிரி என்று நினைத்து, அவற்றை ஓட்டாமல் ஒதுக்கிவிட்டது. அதனால்தான் நேற்றுவரை கோலம் போட்டுக்கொண்டிருந்த மரகதம் திடீரென்று மாமியாருக்குத் திவசம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு படுக்கையிலும் அதைப் பற்றிச் சண்டை நடந்தது. ஒருவர், "பின்னாடி ஃப்ளாஷ்பேக்ல வரும் பாருங்க" என்று சத்தியம் செய்தார். வள்ளியம்மாள் அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை எடை பார்க்கும் மிஷினில் ஏறும்போதே என் காதருகில் குனிந்தார். "சிஸ்டர், ஒரு நல்ல சேதி. நான் தப்பு பண்ணிட்டேன்" என்றார். சீசன் என்றால் கதையில் ஒரு சுற்று என்று அப்போதுதான் எங்கோ படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். பூஜ்யத்துக்குள் இருந்தது சீசனில் வந்ததைப்போல இரண்டு மடங்கு. முதலிலிருந்து வரிசையாக ஓட்டினால் ஒரு வருடத்துக்கு மேல் வரும். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. அன்று மட்டும் நான் திட்டவில்லை.

வரிசை மாற்றி ஓட்ட ஆரம்பித்துச் சில மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒருநாள் அந்தப் பெட்டியைப் புதுப்பிக்கிறேன் என்று பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு வைத்தார். அது சாதாரண வேலைதானாம். பெட்டியை எப்போது வேண்டுமானாலும் எறியலாம், ஆனால் வைத்துக்கொள்ள வேண்டியதை வெளியே வைத்திருக்க வேண்டும். வீடியோவெல்லாம் வெளியேதான் இருந்தது, தப்பித்தது. இவர் எழுதிய கதைச் சுருக்கங்களும், எதுவரை பார்த்தோம் என்ற குறிப்பும் உள்ளேயே இருந்துவிட்டன. பெட்டியோடு போயின.

நம் ஊரில் பெட்டி, உள்ளே, வெளியே என்று பேச்சு வந்தால் உடனே உடம்பு, ஆத்மா என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆறாம் படுக்கைக்காரர் ஆரம்பித்தார். ஏகாம்பரம் சார் அவரைப் பேசவிடவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. வெளிய ஒரு ஃபோல்டர் போட்டிருக்கணும், போடல. என் கவனக்குறைவு" என்றார். மறுபடி முதல் எபிசோடிலிருந்து எழுத ஆரம்பித்தார். அந்த வேலைக்கு ஏழு மாதம் பிடித்தது. ஒரு பிள்ளையை விட்டு எழுதச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "வேற யாரு சிஸ்டர் இதைப் பாத்திருக்காங்க?" என்றார்.

அந்த ஏழு மாதத்தில்தான் அவர் உடம்பும் இறங்கியது. இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் எழுதினார். இரண்டு முறை அவரே வரவில்லை. பைக் ரிப்பேர் என்றார். நான் நம்பினேன். நர்ஸ் வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டு, பைக் ரிப்பேரை நம்பினேன். ஏகாம்பரம் சார் வள்ளியம்மாள் அம்மாவை வரவைக்கத்தான் இவ்வளவு பாடுபடுகிறார் என்று அவரை ஒரு வைத்தியர் மாதிரி பார்க்கப் பழகிவிட்டேன். அவரும் ஒரு நோயாளி என்பது மறந்துபோயிருந்தது.

கடைசி சனிக்கிழமையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையில் நேர்மை இருக்காது. அன்று எடை நாலரை கிலோ கூடியிருந்தது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. "தர்பூசணி ஒரு துண்டு சாப்ட்டேன் சிஸ்டர்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும், "இப்படியே போனா செவ்வாக்கெழம உங்களைப் பாப்பனோ மாட்டனோ" என்று சொன்னேன். நாங்கள் எல்லா நோயாளியிடமும் சொல்கிற வார்த்தைதான். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு எபிசோடு ஓட்டினார். போகும்போது வழக்கம்போல, "வரேன் சிஸ்டர்" என்றார். நான் ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது நடுக்கூடத்தில் படுக்கவைத்திருந்தார்கள். ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்த அந்த இடதுகையை, முழுக்கை சட்டை போட்டு மறைத்திருந்தார்கள். நான்கு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் நான் பிடித்த கை. அதை ஒருமுறை தொட வேண்டும் என்று நினைத்தேன். அத்தனை பேர் இருந்ததால் தொடவில்லை. மாலை போட்டுவிட்டு வந்துவிட்டேன். இதற்காக இன்னும் வருத்தப்படுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நான்காம் படுக்கை காலி. ஐந்தாம் படுக்கையும் காலி. வள்ளியம்மாள் அம்மாவின் மகனுக்கு போன் செய்தேன். "வரமாட்டேன்னு சுவரைப் பாத்து படுத்துக்கிச்சுங்க" என்றார். எதிர்பார்த்ததுதான். டிவியை யாரும் போடச் சொல்லவில்லை. நான் அவர் கம்ப்யூட்டரைத் திறந்து, மிச்சம் எத்தனை என்று பார்த்தேன். பதினொன்று. கடைசி வரி சிவப்பாகவே இருந்தது. அந்தப் பதினொன்றையும் ஓட்டக்கூட எனக்குத் தெரியாதே என்று முதல் தடவையாக அழுதேன்.

வியாழக்கிழமை காலை வள்ளியம்மாள் அம்மா வந்து நின்றார்கள். மகன் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. எடை பார்த்தேன். நான் திட்டுவேன் என்று மகன் பயந்துகொண்டே நின்றார். நான் அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். படுக்கவைத்தேன். இனியும் மறைப்பது பாவம் என்று தோன்றியது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த சீரியலுக்கு முடிவே கெடையாது. கடைசி எபிசோடு எடுக்கவே இல்லையாம். நீங்க வர்றதை நிறுத்திடுவீங்கன்னு சார் மறைச்சிட்டாரு. நானும் மறைச்சேன்."

"தெரியும்பா" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை.

"டிவில வந்தப்பவே பூராத்தையும் பாத்துட்டேன். கடையில ஓடிக்கினே இருக்கும். புருசன் வர்றதுக்குள்ள சேனலு நின்னு போச்சி. அவரு மாத்தி மாத்திப் போட்டாரே, அதுவும் தெரியும். சொன்னா அந்த மனுசன் சங்கடப்படுவாரேன்னு சொல்லல."

"அப்புறம் எதுக்கும்மா பௌர்ணமி அன்னிக்கு அவ்ளோ தூரம் நடந்து வந்தீங்க?"

அவர்கள் காலிப் படுக்கையைப் பார்த்தார்கள். "என்னை எம் மவன் ஆட்டோவுல தூக்கியாந்தானே, அதுக்கு முந்தின வாரம் வெளிய பெஞ்சில உக்காந்துக்கினு இருந்தோம். 'எனக்கும் போதும்னு இருக்குதுக்கா, பொண்ணு கல்யாணம் முடிஞ்சதும் நிறுத்திடப் போறேன்'னு எங்கிட்ட சொன்னாரு. கல்யாணமும் முடிஞ்சிது. நான் ஒருத்தி கத கேக்க வந்தா, காட்டறதுக்காவது அவரு வந்துதானே ஆவணும். அவரு வரணுமேன்னுதான் நான் வந்தேன்."

மூன்று வருடம். ஒருவரை ஒருவர் பிழைக்கவைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் படுத்து, முடிவில்லாத ஒரு கதையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் நின்று இருவரையும் திட்டிக்கொண்டிருந்தேன் நான். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அப்ப இன்னிக்கு எதுக்கும்மா வந்தீங்க? அவர்தான் இல்லையே."

"உனக்காவத்தான் வந்தேன்" என்றார்கள். "அன்னிக்கு நீ அவரை திட்டினியே. அத்தையே நெனச்சிக்கினு இருப்பேன்னு தெரியும். உங்கிட்ட ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு வெளிய போவும்போது அவரு சிரிச்சிக்கினேதான் போனாரு. 'செவ்வாக்கெழம வந்து நின்னு, சிஸ்டர் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கணுங்க்கா'ன்னாரு. வரணும்னுதான்பா இருந்தாரு."

ஏகாம்பரம் சார், அன்று நீங்கள் "வரேன் சிஸ்டர்" என்றபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது எழுதியாவது சொல்கிறேன். போய் வாருங்கள் சார். நீங்கள் கட்டைவிரலால் எழுதியதையெல்லாம் இந்த முறை வெளியே தனியாகப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் மகள் பார்த்துச் சொன்னாள். எப்படி ஓட்டுவது என்று எனக்கும் காட்டிக்கொடுத்திருக்கிறாள். ஒரு தடவைக்கு இரண்டுதான் ஓட்டுகிறேன்.

அந்த வியாழக்கிழமை, எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு வள்ளியம்மாள் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நான் ஊசியைப் பிரித்தேன். குத்தாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர்கள் அதைப் பார்த்தார்கள். கையை நீட்டினார்கள்.